பாஸ்கா: விடுதலைக்கு யார் செலவு செய்வது?

பாஸ்கா என்றதும் நம்மில் பலருக்கு மோசே, பார்வோன், இரண்டாகப் பிளந்த கடல் என்று ஒரு சினிமாக் காட்சிதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் யூதர்களுக்கு அந்த இரவு கதை கேட்பதோடு முடிவதில்லை. விடுதலையை உடம்பால் செய்து பார்க்கிறார்கள். செதேர் எனப்படும் விருந்தில் புளிப்பில்லாத அப்பமும் கசப்புக் கீரையும் அடிமைக் காலத்தை நாக்குக்கு ஞாபகப்படுத்துகின்றன. நான்கு கிண்ணம் திராட்சை மதுவும், இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து உண்பதும் சுதந்திர மனிதனுக்குரியவை. ரோமானிய விருந்தில் சாய்ந்து உண்டவன் எஜமான். அடிமை நின்றுகொண்டு பரிமாறினான்.

அப்படியானால் மது வாங்கக் காசில்லாதவன் என்ன பண்ணுவான்? அவனுக்கு விடுதலை கிடையாதா? கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. பரம ஏழையும் சாய்ந்தே உண்ண வேண்டும். அவனுக்கு நான்கு கிண்ணத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். அந்தச் செலவு, ஏழைகளுக்கு அன்றாடம் சோறு போடும் பொதுச் சட்டியிலிருந்து வந்தாலும் சரி. பிறர் கையை எதிர்பார்ப்பதைவிட ஓய்வுநாளைச் சாதாரண நாளாகவே கழித்துவிடலாம் என்று கறாராகச் சொன்னவர் ரபி அகிவா. அவர்கூட இந்த இரவில் அதை வற்புறுத்தமாட்டார் என்கிறது தல்மூத்.

இந்த ஏற்பாட்டைத் 'தானம்' என்று மொழிபெயர்த்தால் விஷயம் கைநழுவிவிடும். எபிரேயச் சொல் செதாக்கா. நீதியைக் குறிக்கும் வேரிலிருந்து வருவது. கொடுப்பவனின் இரக்கம் இங்கே இரண்டாம்பட்சம். ஊர்ப் பெட்டிக்கு வசூல் செய்ய இரண்டு பேர், பங்கிட மூன்று பேர் என்பது விதி. வசூல் வரியைப் போன்றது, பங்கீடு தீர்ப்பைப் போன்றது. உதவி வாங்கிப் பிழைப்பவனும் தன் பங்குக்குக் கொஞ்சம் கொடுத்தாக வேண்டும். யாரையும் வெறும் வாங்குபவனாக விட்டுவைக்கக் கூடாது என்பதுதான் இதன் உட்கிடை என்று எனக்குப் படுகிறது. 12ஆம் நூற்றாண்டில், அதே எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ் கொடையை எட்டுப் படிகளாக வகுத்தார். கடனோ கூட்டுத்தொழிலோ வேலையோ தந்து, ஒருவன் இனிக் கையேந்தாதபடி செய்வதை உச்சிப் படியில் வைத்தார்.

பாஸ்காவுக்கென்றே 'கோதுமைப் பணம்' என்று தனி வசூல் உண்டு, இன்றும் நடக்கிறது. இதற்கு எருசலேம் தல்மூத் ஓர் எல்லை போடுகிறது: ஊரில் 12 மாதம் குடியிருந்தவனே கொடுக்கவும் பெறவும் உரியவன். பிற்காலத்தில் இது 30 நாளாகக் குறைந்தது. இருந்தாலும் ஒரு கணக்கு இருக்கத்தான் செய்கிறது. நேற்று வந்த அகதியை எதில் சேர்ப்பது? விருந்தின் தொடக்கத்தில், பசித்தவர் எல்லோரையும் சாப்பிட வரச்சொல்லும் அழைப்பு அரமேய மொழியில் வாசிக்கப்படுகிறது. அதில் ஊர்க்கணக்கும் மாதக்கணக்கும் இல்லை. ஆனால் அதை வாசிக்கும்போது இரவாகிவிட்டது, எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தாயிற்று. தெருவில் நிற்பவன் காதில் அது விழுமா?

இவ்விரண்டையும் எதிரெதிராக வைத்து வாசிக்க வேண்டும். பெட்டி இல்லாத அழைப்பு யாருக்கும் சோறு போடாது. அழைப்பு இல்லாத பெட்டி தன் எல்லைக்கோட்டை நியாயப்படுத்திக்கொண்டே இருக்கும். எம்மானுவெல் லெவினாஸ் சுதந்திரத்துக்கு முன்னால் பொறுப்பை வைத்தது இந்த மரபின் பின்னணியில்தான் எனக்குப் பிடிபடுகிறது. விடுதலையை, எஜமான் இல்லாத நிலை என்று மட்டும் நினைத்துப் பழகிய நமக்கு இது சங்கடமான வாசிப்புதான். வெளியே ஒருத்தன் பசியோடு நிற்கிறவரை, உள்ளே நாம் சாய்ந்து உட்கார்ந்திருப்பது வேறென்ன, பழைய எஜமானின் தோரணைதானே?