பாட்டுக்கு விருதா, வயதுக்கு விருதா?

ஆடி மாதம் வந்தால் ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் பக்கத்து ஊர்களில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். பம்பையும் உடுக்கையும் விடிய விடிய ஒலிக்கும். முதல் ஷிஃப்டுக்குப் போகும் கம்பெனி பஸ் அந்தப் பந்தலை ஒட்டித்தான் திரும்பும். பஸ்ஸில் இருப்பவர்களில் பலர் வெளி மாவட்டத்துப் பிள்ளைகள், தங்கள் ஊர்ப் பாட்டைச் செல்போனில் கொண்டுவந்தவர்கள்.

அமெரிக்காவிலும் ஒருவர் இப்படி வந்தார். மிசிசிப்பி பண்ணையில் டிராக்டர் ஓட்டிய கறுப்பினத் தொழிலாளி மட்டி வாட்டர்ஸ். 1941-ல் ஆலன் லோமாக்ஸ் என்ற ஆய்வாளர் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்துக்காக அவர் பாட்டைப் பதிவுசெய்தார். தன் குரலைத் தானே கேட்டபோதுதான் நாமும் பாடகன்தான் என்ற தெம்பு அவருக்கு வந்தது. 1943-ல் சிகாகோவுக்குப் போனார். பகலில் தொழிற்சாலை, இரவில் கிதார்.

பிற்பாடு அவருக்கு ஆறு கிராமி விருதுகள் கிடைத்தன. ஆனால் ஒன்றுகூட அவர் பாடிய ‘ப்ளூஸ்’ இசையின் பெயரில் இல்லை! அப்போது அப்படியொரு பிரிவே கிடையாது. நாட்டார் இசையையும் இன்னபிறவற்றையும் ஒன்றாகப் போட்டு அடைத்த ‘இன அல்லது மரபிசைப் பதிவு’ என்ற பிரிவில்தான் ஆறும். மரபு ப்ளூஸுக்கென்று தனி விருது முதன்முதலாக 1983 பிப்ரவரியில் கொடுக்கப்பட்டது. கிளாரன்ஸ் ‘கேட்மவுத்’ பிரவுன் வாங்கினார். அந்த ஏப்ரலில் மட்டி வாட்டர்ஸ் காலமானார்.

1988-ல் நவீன ப்ளூஸுக்குத் தனிப் பிரிவு வந்தது. 2012-ல் கிராமிக்காரர்கள் 109 பிரிவுகளை 78 ஆகக் குறைத்தபோது இரண்டையும் ஒன்றாக்கினார்கள். 2017-ல் மறுபடி பிரித்தார்கள். பிரித்த ஆண்டிலேயே பாபி ரஷ் தன் 83-வது வயதில் முதல் கிராமியைத் தொட்டார். மறு ஆண்டு அதே மரபுப் பிரிவில் வென்றது இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ். மட்டி வாட்டர்ஸ் பாட்டிலிருந்து தன் பெயரையே எடுத்துக்கொண்ட குழு அது. சொந்தக்காரனுக்குக் கிடைக்காத பெயர்ப்பலகை விருந்தாளிக்குக் கிடைத்தது.

இத்தனை குளறுபடியிலும் ஒன்று சரியாக இருந்தது. அங்கே விருது பதிவுக்கு. இசைத்தட்டைக் கேட்டுவிட்டு ஓட்டுப் போடுகிறார்கள். 1992-ல் உலக இசைக்கு முதல் கிராமி வாங்கிய ‘பிளானட் டிரம்’ ஆல்பத்தில் நம் கடம் விக்கு விநாயக்ராமும் இருந்தார். அதுவும் ஒரு பதிவுக்குக் கிடைத்ததுதான்.

இங்கே விருது ஆளுக்கு. நாட்டுப்புறப் பாட்டுக்காக விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்கு 2018-ல் பத்மஸ்ரீ, பறைக்காக அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ. சாவு வீட்டு வாசலிலேயே நிறுத்திவைக்கப்பட்ட தோல்கருவிக்கு இது சின்ன விஷயமில்லை. மாவட்ட அளவில் கலை பண்பாட்டுத் துறையின் விருதுகளோ வயதுப்படி: 18 வரை கலை இளமணி, 35 வரை வளர்மணி, 50 வரை சுடர்மணி, 65 வரை நன்மணி, அதற்கு மேல் முதுமணி. எப்படிப் பாடினார் என்பது தேர்வுக் குழுவுக்கு. எந்த மணி என்பது பிறந்த தேதிக்கு. நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயியைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது எந்த மணியும் அல்ல, வானொலியும் 1985-ல் வந்த ‘ஆண்பாவம்’ படமும்தான். அதாவது, பதிவு.

கலைஞருக்குத் தரும் பட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் ஆண்டுக்கொரு முறை சிறந்த நாட்டார் இசைப் பதிவுக்கும் ஒரு விருதை அரசு தரட்டும். பம்பை, பறை, ஒப்பாரி, கூத்துப்பாட்டு என்று தனித்தனியே கேட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். பரிசுப் பணம் பாடியவர், அடித்தவர், பதிவுசெய்தவர் எல்லோருக்கும் போகட்டும். முதல் ஆண்டுக்கான பதிவுகளை இந்த ஆடியிலேயே ஒரகடத்துப் பக்கம் தொடங்கலாம்.