நெடுநாள் உழைக்கும் பிரயாணப் பெட்டி

இந்திய நில அளவையின் வரலாற்றில், 1808-ஆம் ஆண்டில் தஞ்சாவூரில் நேர்ந்த விபத்தொன்று இடம் பெற்றிருக்கிறது. வில்லியம் லாம்ப்டன் 1802-இல் சென்னையில் தொடங்கிய முக்கோண அளவைப் பணிக்கென இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட தியோடலைட் என்னும் கோணமானி ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. தொலைவிலுள்ள குறிகளை நோக்கும்பொருட்டு அக்கருவியைக் கோயில் கோபுரத்தின் உச்சிக்கு ஏற்றிக்கொண்டிருக்கையில், கயிறொன்று அறுந்தது. கருவி சுவரில் மோதிச் சேதமுற்றது. அதனைச் சீர்செய்ய ஆறு வாரங்கள் பிடித்தன.

அக்கருவியைச் செய்தவர் திறமையில் குறையில்லை. அதன் உலோகத்திலும் குறையில்லை. குறை கயிற்றில் இருந்தது. ஊர் ஊராகச் சென்று பணிபுரிவோரின் பெட்டி, பை ஆகியவற்றுக்கும் இவ்வுண்மை பொருந்தும். பெட்டியின் உடல் உடைந்து பயனற்றுப் போவது அரிது. பிடி கழல்வதும், தையல் விடுவதும், சக்கரம் ஒடிவதும், ஜிப் வாய் பிளப்பதுமே வழக்கம். ஆயினும் கடையில் பெட்டி வாங்குவோர் அதன் நிறத்தையும் மினுமினுப்பையும் நோக்குமளவுக்கு இவ்வுறுப்புகளை நோக்குவதில்லை.

வெளிக்கள ஊழியரின் பெட்டியில் இருப்பவை உடைகள் மட்டுமல்ல. மண் மாதிரிகள், அளவைக் கருவிகள், களக் குறிப்பேடுகள் ஆகியனவும் அதனுள் அடங்கும். ஆசிரியர் ஒருவர் பயிற்சி முகாமுக்கோ தேர்வு மேற்பார்வைக்கோ செல்லும்போது பதிவேடுகளையும் செய்முறைச் சாதனங்களையும் உடன் கொண்டு செல்கிறார். உடை நனைந்தால் உலர்த்திக் கொள்ளலாம். ஒரு பருவம் முழுவதும் அலைந்து எழுதிய குறிப்பேடு ஒரே மழையில் மை கரைந்து போனால், அந்தப் பருவத்தைத் திரும்பப் பெற இயலாது. எனவே பெட்டியைத் தேர்ந்தெடுப்பது பணியின் ஒரு பகுதியே எனலாம்.

பெட்டி எவற்றைத் தாங்கவேண்டும்?

பிரயாணத்தில் பெட்டிக்கு நேரும் இன்னல்களுள் முதலாவது வீழ்ச்சி. 15 கிலோ எடையுள்ள பெட்டி, பஸ்ஸின் மேற்கூரையிலிருந்து அன்று, ஒரு மீட்டர் உயரத்திலிருந்தே தரையில் விழுவதாகக் கொள்வோம். பெட்டியின் மூலை சிறிதும் வளையாமல் ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுமாயின், அதன்மீது தாக்கும் சராசரி விசை ஏறத்தாழ 1,500 கிலோ எடைக்குச் சமமாகும். அம்மூலை வளைந்து கொடுத்து ஐந்து சென்டிமீட்டரில் நிற்குமாயின், விசை ஏறத்தாழ 300 கிலோ எடையாகக் குறைந்துவிடும். விறைப்பாக இருப்பதே உறுதி என்னும் எண்ணம் முழு உண்மையன்று என்பது இதனால் விளங்கும். வளைந்து மீளும் தன்மையும் உறுதியின் ஒரு வகையே.

இரண்டாவது, அடுக்கின் பாரம். சாமான் வண்டியில் அடியில் அகப்பட்ட பெட்டி, தன்மேல் ஏற்றப்பட்ட அனைத்தையும் சுமக்கிறது. இங்கே வளைந்து கொடுக்கும் தன்மை போதாது, விறைப்பு வேண்டும். மூன்றாவது, உராய்வு. நான்காவது, ஈரமும் வெப்பமும். இவற்றோடு கரையானும் வெள்ளிப்பூச்சியும் சேர்ந்துகொள்கின்றன. இவை யாவற்றையும் ஒருசேர வெல்லும் பொருள் ஒன்றும் இல்லை. ஆகவே, இப்பெட்டி எங்கே, எவ்வாறு, எத்தனை நாள் பயன்படப் போகிறது என்பதை முதலில் தீர்மானித்துக் கொள்ளவேண்டும்.

பழைய பொருள்கள்

இரும்பு டிரங்குப் பெட்டி இன்றும் மதிப்பிழந்துவிடவில்லை. ஓரிடத்தில் மாதக்கணக்கில் முகாமிட்டுத் தங்குவோருக்கும், பள்ளிப் பதிவேடுகளைப் பாதுகாப்போருக்கும் அதனினும் சிறந்ததைக் காண்பது கடினம். கரையான் அதனைத் துளைப்பதில்லை, எலி கடிப்பதில்லை, தேவைப்பட்டால் இருக்கையாகவும் உதவுகிறது. துத்தநாகம் பூசிய தகட்டால் செய்த பெட்டியையே வாங்கவேண்டும். பூச்சு கீறப்பட்ட இடத்திலும் துத்தநாகம் தான் முதலில் அரிப்புண்டு இரும்பைத் துருவினின்று காக்கிறது. சாதாரண வர்ணப் பூச்சுக்கு இவ்வியல்பு இல்லை. கீறல் விழுந்த இடத்தில் துரு புகுந்து வர்ணத்துக்கு அடியில் பரவிவிடும்.

தகட்டின் கனத்தைக் குறிக்கும் கேஜ் எண்ணைக் குறித்துப் பலருக்கு மயக்கம் உண்டு. எண் கூடக்கூடத் தகடு மெலியும். 22 கேஜ் தகடு 26 கேஜ் தகட்டைவிடத் தடித்தது. தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் முப்படிக்கு ஏற்ப உயர்கிறது; கனம் இருமடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். பெட்டியின் பக்கங்களில் வரிவரியாகப் புடைப்புகள் அழுத்தப்பட்டிருப்பது அழகுக்காக மட்டுமன்று. எடையைக் கூட்டாமல் விறைப்பை மிகுவிக்கும் உபாயம் அது.

தோல் பெட்டி உழைப்பில் பெயர் பெற்றது. தென்னாட்டில் ஆவாரம் பட்டை கொண்டு தோல் பதனிடும் தொழில் தொன்று தொட்டு நடந்து வந்திருக்கிறது. 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னையில் இயங்கி வருகிறது. நன்கு பதனிட்ட தோல் கிழிவதில்லை, தேய்ந்தாலும் மெருகேறும். ஆனால் மழைக் காலத்தில் காற்றோட்டமின்றி மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். எடையும் மிகுதி. தோலைப்போலத் தோற்றமளிக்கும் ரெக்ஸின் முதலிய செயற்கைப் பொருள்களோடு இதனைக் குழப்பிக் கொள்ளலாகாது. அவற்றுட் சில, நாளடைவில் நெகிழ்ச்சி தரும் பொருளை இழந்து வெடிக்கின்றன. பாலியூரித்தேன் பூசிய வகையோ ஈரமும் வெப்பமும் உள்ள இடங்களில் சிதைந்து, பிசுபிசுத்து, செதில் செதிலாக உரிகிறது. பயன்படுத்தாமல் பரணில் வைத்திருந்த புதுப் பையும் சில ஆண்டுகளில் இவ்வாறு உரிந்துவிடுவதற்குக் காரணம் இதுவே.

புதிய பொருள்கள்

அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பெட்டிகளில் மூன்று வகைகளைப் பெரும்பாலும் காணலாம். அவை ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட், பாலிபுரோப்பிலீன் என்பன.

ஏ.பி.எஸ். விலை குறைந்தது, விறைப்பானது, ஆயினும் மூலையில் பலத்த அடி பட்டால் கீறல் விடும். பாலிகார்பனேட், 1953-இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல் என்னும் இரசாயன அறிஞர் உருவாக்கிய பொருள். அடி பட்டால் உள்வாங்கி மீள்வதில் இது சிறந்து விளங்குகிறது. மலைப் பிரதேசத்துக் குளிரிலும் எளிதில் நொறுங்குவதில்லை. ஆனால் பெட்ரோல், அசிட்டோன் போன்ற திரவங்கள் பட்டால் இதில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். மாதிரிகளைப் பாதுகாக்கத் திரவங்களைக் கொண்டு செல்வோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். பாலிபுரோப்பிலீன் இத்தாலியில் கியூலியோ நாட்டா 1954-இல் ஒழுங்கான அமைப்புடன் ஆக்கிக் காட்டியது. இது மூன்றினும் இலேசானது. பல இரசாயனப் பொருள்களுக்கு அசையாதது. எனினும் இதன் சாதாரண வகை உறைநிலையை ஒட்டிய குளிரில் நொறுங்கும் தன்மை பெறுகிறது. லடாக் போன்ற இடங்களில் பணிபுரிவோர் இதில் எச்சரிக்கையாக இருத்தல் நலம்.

துணிப் பைகளில் நைலானும் பாலியெஸ்டரும் மிகுதி. இவற்றின் நூல் கனம் டெனியர் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. 9,000 மீட்டர் நீளமுள்ள நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். எண் உயர்ந்தால் நூல் தடித்தது என்பதே பொருள். பொருளின் தரம் உயர்ந்தது என்பதன்று. ஒரே டெனியரில் நைலான் பாலியெஸ்டரைவிட உராய்வை நன்கு தாங்குகிறது. பாலியெஸ்டரோ நனைந்தாலும் வலிமை குன்றுவதில்லை. வெயிலையும் நைலானைவிடத் தாங்கும். பருத்திக் கான்வாஸ் நனைந்தால் அதன் இழைகள் பருத்துக் கண்களை அடைத்துக் கொள்வதால், நெருக்கமாக நெய்த துணியில் நீர் எளிதில் புகுவதில்லை. ஆனால் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் இற்றுப்போகும்.

இணைப்புகளே உயிர்நிலை

சக்கரம் பூட்டிய பெட்டி நமக்கு இன்று பழகிய காட்சி. ஆயினும் பெர்னார்டு சாடோ என்னும் அமெரிக்கர் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றது 1972-இல்தான். நிமிர்ந்த நிலையில் நீள்பிடியால் இழுக்கும் வகையை ராபர்ட் பிளாத் என்னும் விமானி 1987-இல் அமைத்தார். இவை விமான நிலையத்தின் வழவழப்பான தரைக்கு ஏற்றவை. நம் நாட்டுப் பேருந்து நிலையத்துக்கும் கிராமப் பாதைக்கும் சக்கரத்தின் அளவே முக்கியம்.

ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம், ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள கல்லின்மீது ஏறுவதற்கு, அதன்மேலுள்ள பாரத்தைப்போல் ஒன்றேகால் பங்குக்கும் சற்று மிகுதியான விசையால் கிடையாக இழுக்கவேண்டும். விட்டம் பத்து சென்டிமீட்டரானால் முக்கால் பங்கு விசையே போதும். நான்கு சிறு சக்கரங்கள் எல்லாப் பக்கமும் திரும்பும். ஆனால் உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் எளிதில் ஒடியும். உடலுக்குள் பாதி பதிந்த இரண்டு பெரிய சக்கரங்கள் நெடுநாள் உழைக்கும். சக்கரம் ஆணியால் நிரந்தரமாக அறையப்படாமல் திருகாணியால் பூட்டப்பட்டிருந்தால், ஒடிந்தபோது அதனை மட்டும் மாற்றிக் கொள்ளலாம்.

ஜிப் வகையில், பற்களின் பருமனும் ஓட்டியின் உலோகமும் கவனிக்கத்தக்கவை. பற்கள் பழுதடைவதற்கு முன்னர் பெரும்பாலும் ஓட்டியே தேய்ந்து அகன்றுவிடுகிறது. இடுக்கியால் அதனை மெல்ல நெருக்கினால் பல சமயங்களில் ஜிப் மீண்டும் மூடும். ஜிப் முழுவதையும் மாற்றும் செலவு மிச்சமாகும். நைலான் சுருள் ஜிப்பைப் பேனா முனையாலேயே பிளந்து, ஓட்டியை நகர்த்தி மீண்டும் மூடிவிட முடியும். ஆதலால் ஓட்டிகளில் பூட்டுப் போட்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் விலையுயர்ந்த கருவியை அதனுள் விட்டுச் செல்வது கூடாது.

எடையும் விதிகளும்

உறுதியை நாடி மிகக் கனமான பெட்டியை வாங்குவதும் பிழையே. இரயில் பிரயாணத்தில் இரண்டாம் வகுப்பில் 35 கிலோவும், படுக்கை வகுப்பில் 40 கிலோவும் கட்டணமின்றி அனுமதிக்கப்படுகின்றன. பெட்டியின் அளவு பொதுவாக 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்துக்கு மேற்படலாகாது. மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பில் 55, 45, 22.5 செ.மீ. என்பதே எல்லை. உள்நாட்டு விமானங்கள் பெரும்பாலானவற்றில் சாதாரண வகுப்புப் பிரயாணிக்குச் சரக்கறையில் 15 கிலோவும் கையில் 7 கிலோவும் இடமளிக்கப்படுகின்றன. வெறும் பெட்டியே 5 கிலோவானால், 15 கிலோவில் மூன்றில் ஒரு பங்கு பெட்டிக்கே போய்விடும். லித்தியம் மின்கலப் பவர் பாங்குகளைச் சரக்கறைப் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை. அவற்றைக் கையோடு கொண்டு செல்லவேண்டும்.

கடையில் செய்யத்தக்க சோதனைகள்

வாங்குமுன் பெட்டியைத் திறந்து, பிடி எவ்வாறு பொருத்தப்பட்டிருக்கிறது என்பதை உட்புறமாகப் பார்க்கவேண்டும். மெல்லிய துணியில் மட்டும் தைத்திருந்தால் அது நிலைக்காது. பின்னால் தகடோ பட்டையோ இருத்தல் வேண்டும். பட்டைகள் சேருமிடத்தில் சதுரமும் அதனுள் குறுக்குக் கோடுகளுமாகத் தைத்திருப்பது நல்ல அடையாளம். நீள்பிடியை முழுவதும் இழுத்துப் பக்கவாட்டில் அசைத்தால், அதன் ஆட்டம் புலப்படும். மூடியை உள்ளங்கையால் அழுத்தி விட்டால், நல்ல ஓடு உள்வாங்கித் தழும்பின்றி மீளவேண்டும். இயலுமானால் கடைக்காரரின் பொருள்களையே நிரப்பி, வாசற்படியில் ஒரு முறை இழுத்துப் பார்ப்பது நன்று. காலிப் பெட்டி எதுவும் நன்றாகவே உருளும்.

விலையையும் ஆண்டுக் கணக்கில் பார்க்கவேண்டும். 2,000 ரூபாய்ப் பெட்டி ஓராண்டும், 5,000 ரூபாய்ப் பெட்டி ஐந்தாண்டும் உழைப்பதாகக் கொண்டால், பின்னதற்கு ஆண்டுக்கு 1,000 ரூபாயே ஆகிறது. பழுது பார்க்க உதிரி உறுப்புகள் அருகிலுள்ள ஊரில் கிடைக்குமா என்பதும் இக்கணக்கில் சேரும்.

பாதுகாப்பும் பாடமும்

பிரயாணம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து ஒரு நாள் நிழலில் ஆறவிடுதல், சக்கர அச்சில் சுற்றிய நூலையும் மயிரையும் அகற்றுதல், உலோக ஜிப்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தல் ஆகிய மூன்றும் செலவில்லாத பராமரிப்பு முறைகள். ஈரம் படக்கூடாத காகிதங்களை, பெட்டி எத்துணைச் சிறந்ததாயினும், தனியே பாலித்தீன் உறையிலிட்டுக் கட்டவேண்டும். குறிப்பேட்டின் முக்கியப் பக்கங்களைப் படமெடுத்து வேறிடத்தில் வைத்துக் கொள்வது மேலும் நலம்.

ஆசிரியர்களுக்கு உடைந்த பெட்டி ஒரு பாடப்பொருள் ஆகும். பாலிபுரோப்பிலீன் துண்டு நீரில் மிதக்கும், ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் துண்டுகள் மூழ்கும். அடர்த்தியைக் கற்பிக்க இதைவிட எளிய சோதனை வேண்டுவதில்லை. ஒரு தாளைத் தட்டையாக இரு நூல்களின்மீது வைத்தும், பின்னர் விசிறிபோல் மடித்து வைத்தும் பாரம் ஏற்றிக் காட்டினால், டிரங்குப் பெட்டியின் வரிகளுக்குக் காரணம் மாணவர்களுக்குத் தாமே விளங்கும்.

பெட்டி எதுவாயினும், வீட்டை விட்டுப் புறப்படுமுன் நிறைந்த பெட்டியைப் பிடியால் தூக்கி, கைகாட்டிக் கொண்டிருக்கும் தையலையும் திருகாணியையும் ஒரு முறை தடவிப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். அரை நிமிடத்தில் முடியும் வேலை அது. தஞ்சையில் கயிறு அறுந்தபின் கழிந்ததோ ஆறு வாரங்கள்.