சிப்பிப்பாறை நாய் வளர்ப்பு: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிறுசேரி, தாழம்பூர், கேளம்பாக்கம் பகுதிகளில் ஆட்டுக்கொட்டகைக்கும் தோட்டத்துக்கும் காவலாக நாட்டு நாய் வளர்க்கும் ஆர்வம் கூடியிருக்கிறது. அப்படித் தேடுபவர்களில் பலர் விரும்புவது சிப்பிப்பாறை. நல்ல இனம்தான். ஆனால் அதன் குணம் தெரியாமல் வாங்கினால் நாய்க்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

எந்த ஊர் நாய்?

விருதுநகர் மாவட்டத்தில் உள்ள சிப்பிப்பாறை என்ற ஊரின் பெயரே இந்த இனத்துக்கும் வந்தது. கரிசல் காட்டில் முயல் விரட்டப் பயன்பட்ட நாய். நீண்ட முகம், ஒடுங்கிய வயிறு, ஆழமான மார்பு, குட்டையான முடி ஆகியவை இதன் அடையாளம். ஒரே நிறமாக இருப்பதைச் சிப்பிப்பாறை என்றும், கறுப்பு உடலில் செம்பழுப்புத் திட்டுகள் உள்ளதைக் கன்னி என்றும் தென்மாவட்டங்களில் பிரித்துச் சொல்வார்கள். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளங்கள் பணியகம் ராஜபாளையம், முதோல் இனங்களோடு சிப்பிப்பாறையையும் தனி இனமாகப் பதிவு செய்துள்ளது.

குணம்

இது மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடும் வேட்டை நாய். தூரத்தில் ஏதாவது அசைந்தால் உடல் தானாகப் பாயும். ஓட ஆரம்பித்துவிட்டால் நீங்கள் கூப்பிடுவது காதில் ஏறாது. அதனால் பழைய மகாபலிபுரம் சாலை, சிப்காட் சாலை ஓரங்களில் கயிறில்லாமல் விடவே கூடாது. பூனையைத் துரத்திப் போய் வண்டியில் அடிபடும்.

தலை ஒடுங்கியிருப்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டையிலிருந்து எளிதில் நழுவிவிடும். அகலமான பட்டை அல்லது மார்புப் பட்டை போடுங்கள். சுற்றுச்சுவர் ஆறடியாவது இருக்கட்டும்.

வளர்ப்பவரிடம் மிகவும் ஒட்டுதலாக இருக்கும். அந்நியரை நெருங்க விடாது. அடித்துப் பழக்கினால் பயந்த நாயாகிவிடும். ஆடு, கோழி உள்ள வீட்டில் குட்டியிலிருந்தே அவற்றோடு பழக்குங்கள். அப்போதும் கோழியோடு தனியே விட வேண்டாம்.

நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டினால் ஓயாத குரைப்பும் கடியும்தான் மிஞ்சும். காலை ஏழு மணிக்கு முன்பும் மாலையில் வெயில் தாழ்ந்த பிறகும் வேலி போட்ட இடத்தில் ஓட விடுங்கள். இதற்கு நேரமோ இடமோ இல்லாதவர்கள் இந்த இனத்தை வாங்காமல் இருப்பதே நல்லது.

தீவனம்

கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் லேசாகத் தெரிவது இந்த இனத்துக்கு இயல்பு. மெலிந்துவிட்டது என்று நினைத்து அதிகம் போடாதீர்கள். வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளை போதும். குட்டிக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். கம்பு அல்லது கேழ்வரகுக் கூழ், தயிர், வேகவைத்த முட்டை, கோழி இறைச்சி கொடுக்கலாம். வெந்த எலும்பு, வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடாது. சாப்பிட்டவுடன் ஓட விடாதீர்கள். வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

நோய்த் தடுப்பு

ஆறு முதல் எட்டு வாரத்தில் கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடருங்கள். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும் மறு ஊசி. உண்ணிகளால் ரத்த நோய் வரும் என்பதால் காது, விரலிடுக்குகளை வாரம் ஒருமுறை பாருங்கள். மழைக்காலத்தில் தேங்கிய நீரைக் குடிக்க விடாதீர்கள். முடி குட்டை என்பதால் மார்கழிக் குளிரில் சாக்கு விரிப்பு தேவை.

கருத்தடை போன்ற அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனால், இது வேட்டை நாய் இனம் என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். உடலில் கொழுப்பு குறைவு என்பதால் தயோபென்டோன் போன்ற சில மயக்க மருந்துகளிலிருந்து தெளிய அதிக நேரமாகும்.

வேட்டைக்கு வேண்டாம்

ஏரிக்கரையில் முயல் விரட்டுவது விளையாட்டல்ல. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். நாயைப் பழக்கியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

குட்டி வாங்கும்போது தாய் நாயை நேரில் பாருங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைவான குட்டியை வாங்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உங்களை நம்பி வாழப்போகிற உயிர் அது. இரண்டாம் ஆண்டில் தெருவில் விடும் நிலை வராதபடி இன்றே யோசித்து முடிவெடுங்கள்.