துருப்பிடிக்காத தகடு ஏன் உதிர்கிறது?
1948இல் அறிமுகமான லேண்ட் ரோவர் வண்டியின் மேற்கூடு பெரும்பாலும் அலுமினியக் கலவைத் தகட்டால் ஆனது. போருக்குப் பின் பிரிட்டனில் நிலவிய எஃகுத் தட்டுப்பாடே இதற்குக் காரணம். அலுமினியத்தில் செந்துரு ஏறாது. ஆயினும் பழைய வண்டிகளின் பின்புறத் தகடுகள் வெண்பொடியாய் உதிர்வதைக் காணலாம். ஏன்?

தகட்டைத் தாங்கும் சட்டங்கள் எஃகினால் ஆனவை. இவ்விரு உலோகங்களும் தொடும் இடத்தில் உப்பு கலந்த ஈரம் தேங்கினால், அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. அதில் அரிக்கப்படுவது அலுமினியமே.

நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தலாம். அரிக்கப்பட்டதையோ மாற்றியே ஆகவேண்டும். ரிவெட்டுகளைத் துளையிட்டு நீக்கி, சட்டத்தின் துருவைச் சுரண்டி, வண்ணம் பூச வேண்டும். பின்னர், இடையே மின்கடத்தாப் பட்டை வைத்து, அலுமினிய ரிவெட்டுகளால் புதுத் தகட்டைப் பொருத்த வேண்டும். பட்டையை மறந்தால், புதுத் தகடும் பழைய கதியையே அடையும்.