அணைகளுக்கு விலக்கான ஆறுகள்

ஆற்றைக் கண்டால் அணை கட்டுவதே வளர்ச்சி என்று அமெரிக்கா நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. 1930களில் ஹூவர் அணை, 1960களில் கிளென் கேன்யன் அணை என ஒரே கொலராடோ ஆறு அடுத்தடுத்து மறிக்கப்பட்டது. கரடி ஆய்வால் பெயர் பெற்ற ஜான், பிராங்க் கிரெய்க்ஹெட் என்ற இரட்டைச் சகோதரர்கள், சில ஆறுகளையாவது அவற்றின் போக்கில் விட்டுவைக்க வேண்டும் என்று வாதாடினர். ஐடஹோ மாநில செனட்டர் பிராங்க் சர்ச் அதை மசோதாவாக்கினார். 1968 அக்டோபர் 2 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட, எட்டு ஆறுகளின் பட்டியலுடன் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தின் உயிர்நாடி ஒரு தடைதான்: பட்டியலில் உள்ள ஆற்றுப் பகுதியில் நீர்மின் அணைக்கு மத்திய அரசு உரிமம் தர முடியாது. கரையோர நிலத்தைச் சட்டம் பறிப்பதில்லை. தனியார் நிலம் பெரும்பாலும் உரியவரிடமே இருக்கிறது, விவசாயமும் நடக்கிறது. பாதுகாப்பு வளையம் இரு கரையிலும் சராசரியாக 400 மீட்டர் அகலமே. சாலை எட்டாத பகுதிக்குக் கட்டுப்பாடு அதிகம். சாலையும் ரயிலும் ஒட்டிச் செல்லும் பகுதிக்குக் குறைவு.

முதல் எட்டில் ஒன்றான ஐடஹோவின் சால்மன் ஆற்று நடுக்கிளையில், பாறைகளுக்கிடையே சீறும் நீரில் ரப்பர் படகு செலுத்தப் பலர் போட்டியிடுகிறார்கள். ஆனால் பரபரப்பான பருவத்தில் அனுமதி கிடைப்பது குலுக்கலில் பெயர் விழுந்தவர்களுக்கே. கரையில் மூட்டிய அடுப்பின் சாம்பலையும் மனிதக் கழிவையும்கூடக் கையோடு எடுத்துச் சென்றுவிட வேண்டும். ஆற்றை ரசிக்க வருபவர்களும் அதற்கு ஒரு சுமைதான் என்பதைச் சட்டம் உணர்ந்தே இருக்கிறது.

ஆனாலும் பட்டியல் காப்பது ஆற்றின் துண்டுகளைத்தான். முட்டையிடுவதற்காகப் பசிபிக் கடலிலிருந்து இந்த நடுக்கிளைக்கு வரும் சினூக் சால்மன் மீன்கள், வழியில் கொலம்பியா, ஸ்னேக் ஆறுகளில் எட்டு அணைகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது. அணைகளில் மீன்கள் ஏறிச் செல்லப் படிகள் அமைத்தும் அவற்றின் எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மேலே குளிர்ந்த தெளிநீரும் கூழாங்கல் படுகையும் காத்திருந்தும், வந்து சேரும் மீன்கள் குறைவு.

இன்று 200க்கும் மேற்பட்ட ஆறுகளில் 21,000 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளம் இந்தப் பாதுகாப்பில் உள்ளது. கேட்கப் பெரிதாகத் தோன்றினாலும், அந்நாட்டு ஆறுகளின் மொத்த நீளத்தில் இது அரை சதவீதத்துக்கும் குறைவு.