நாய்க்காகப் பிறந்த எழுத்து!

ஒரு நாய். அதன் பெயர் ரோவர். அது தெருவில் திரியும் நாய் அல்ல. கம்ப்யூட்டர் திரையில் வரும் சித்திர நாய். "இப்படிச் செய்யுங்கள், அப்படிச் செய்யுங்கள்" என்று வழி காட்டும். அது பேசுவதெல்லாம், படக்கதைகளில் வருவது போல, வாய்க்குப் பக்கத்தில் ஒரு பலூனுக்குள் தெரியும்.

அந்தப் பலூனைப் பார்த்ததும் ஒருவர் முகம் சுளித்தார்.

அவர் பெயர் வின்சென்ட் கொனேர். அமெரிக்காவில் மைக்ரோசாப்ட் கம்பெனியில் எழுத்து வடிவங்களைக் கவனிப்பது அவர் வேலை. ஆண்டு 1994. நாயின் பேச்சு எந்த எழுத்தில் இருந்தது தெரியுமா? 'டைம்ஸ் நியூ ரோமன்' எழுத்தில்! லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்காகச் செய்யப்பட்டு, 1932-ல் அதில் வெளிவந்த எழுத்து அது. கண்டிப்பான எழுத்து. நாய் வக்கீல் நோட்டீசு வாசிப்பது போல இருந்தது.

"நாய் இப்படியா பேசும்?" என்று நினைத்தார் கொனேர்.

படக்கதைப் புத்தகம்

அவரிடம் 'வாட்ச்மென்', 'த டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' என்ற இரண்டு படக்கதைப் புத்தகங்கள் இருந்தன. அந்தப் படக்கதைகளில் பலூனுக்குள் இருக்கும் பேச்சைக் கையால் எழுதுவார்கள். அதற்கென்றே ஆட்கள் உண்டு. கொனேர் அந்தக் கையெழுத்தைக் கூர்ந்து பார்த்தார். அப்படியே காப்பி அடிக்கவில்லை. அந்தச் சாயலில் புதிய எழுத்துகளைத் திரையில் வரைந்தார்.

அதற்கு 'காமிக் சான்ஸ்' என்று பெயர். (இது வாய்ப்பு என்று பொருள்படும் 'சான்ஸ்' அல்ல. பிரெஞ்சு மொழியில் 'இல்லாமல்' என்று பொருள். எழுத்தின் முனைகளில் சிறு வால் இல்லாதது என்று அர்த்தம்.)

நாய் இருந்த திட்டத்தின் பெயர் 'பாப்'. கம்ப்யூட்டரைக் கண்டு பயப்படுகிறவர்களுக்காகச் செய்தது. ஆனால் அதில் பலூன்கள் எல்லாம் பழைய எழுத்தின் அளவுக்கே செய்யப்பட்டிருந்தன. புது எழுத்து பெரிது. அடங்கவில்லை! 1995-ல் 'பாப்' பழைய எழுத்தோடுதான் வெளிவந்தது. விற்பனை படுத்துவிட்டது. அடுத்த ஆண்டே கடையைக் கட்டினார்கள்.

நாய் போயிற்று. எழுத்து பிழைத்துக்கொண்டது.

1995-ல் வந்த 'விண்டோஸ் 95' கம்ப்யூட்டர்களோடு அது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அதுவரை எழுத்தைத் தேர்ந்தெடுப்பது அச்சகத்துக்காரர் வேலை. இப்போது பள்ளிக்கூட ஆசிரியையும் கடைக்காரரும் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். பட்டியலைத் திறந்து பார்த்தார்கள். கண்டிப்பான முகங்களுக்கு நடுவே ஒரே ஒரு சிரித்த முகம்! விடுவார்களா? பிறந்தநாள் அழைப்பு, பள்ளி அறிவிப்பு, 'கடை இன்று விடுமுறை' என்ற சீட்டு, எல்லாம் அந்த எழுத்தில்தான்.

என்ன விசேஷம்?

ஆங்கிலச் சின்ன 'ஏ' எழுத்தைப் பாருங்கள். புத்தகங்களில் அதன் தலைக்கு மேல் ஒரு கொக்கி வளைந்திருக்கும். ஆனால் குழந்தை எழுதும்போது ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். காமிக் சான்ஸிலும் அப்படித்தான். கோடுகள் எங்கும் ஏறக்குறைய ஒரே பருமன். முனைகள் மழுங்கியவை. பேனாவால் எழுதியது போல லேசான கோணல். ஆனால் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில்லை, தனித்தனியே நிற்கும்.

சின்ன 'பி'யும் சின்ன 'டி'யும் பல அச்சு எழுத்துகளில் கண்ணாடியில் திருப்பிப் பார்த்தது போல இருக்கும். இதில் இரண்டுக்கும் சிறிது வித்தியாசம் உண்டு.

வந்தது எதிர்ப்பு

படித்த சித்திரக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரில் ஒரு தம்பதி, "காமிக் சான்ஸைத் தடை செய்!" என்று இயக்கமே தொடங்கினார்கள். கணவர் டேவிட், மனைவி ஹாலி.

2012 ஜூலை 4-ந் தேதி ஜெனீவா அருகே உள்ள 'செர்ன்' ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பெரிய செய்தி வெளியாயிற்று. 'கடவுள் துகள்' என்று பத்திரிகைகள் சொல்லும் ஹிக்ஸ் துகளைப் போன்ற புதிய துகள் அகப்பட்டுவிட்டது! அந்தக் கூட்டத்தில் விஞ்ஞானி பேபியோலா கியனோட்டி அம்மையார் திரையில் காட்டிய குறிப்புகள் காமிக் சான்ஸில் இருந்தன. அவ்வளவுதான், உலகம் முழுவதும் கேலி! பல ஆண்டு உழைப்பை விட்டுவிட்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மையார் 2016-ல் அதே நிலையத்துக்குத் தலைவியானார்.

கேலி செய்கிறவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. சாவு அறிவிப்பைச் சிரித்த முகத்தோடு படிக்கலாமா? ஆனால் அது எழுத்தின் குற்றம் அல்ல. இடம் தெரியாமல் வைத்தவரின் குற்றம்.

தடுமாறுகிறவர்களுக்கு

'டிஸ்லெக்சியா' என்று ஒரு குறைபாடு. அது உள்ள குழந்தைகளுக்கு அறிவுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் படிப்பது மலை ஏறுவது போல. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் சிக்கல். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் வியர்த்துவிடும்.

இவர்களுக்காக உழைக்கும் பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கம், எளிதாகப் படிக்க ஏற்ற எழுத்துகள் என்று சிலவற்றைச் சொல்லியிருக்கிறது. ஏரியல், வெர்டானா ஆகியவற்றோடு காமிக் சான்ஸும் அந்த வரிசையில் உண்டு! எல்லோருக்கும் இது உதவும் என்று ஆராய்ச்சியில் முடிவாகவில்லை. எழுத்துகளுக்கு இடையே போதிய இடைவெளி விடுவதே பெரிய உதவி என்று கருதுகிறவர்களும் உண்டு. ஆனாலும் இந்த எழுத்தில்தான் தடுமாற்றம் குறைகிறது என்று சொல்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கு அழகு பெரிதா? அடுத்த வார்த்தை பிடிபடுவதல்லவா பெரிது!

கொனேருக்கு இந்தச் சண்டையில் கோபம் இல்லை. இந்த எழுத்தை அவரே ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்தினாராம். வீட்டு இண்டர்நெட் இணைப்பை மாற்றுவதில் அவருக்குத் தொல்லை. ஒரு கம்பெனிக்குப் புகார்க் கடிதம் எழுதினார், காமிக் சான்ஸில். 10 பவுன் பணம் திரும்ப வந்தது.