தீப்பெட்டியும் மணல் கியூப்பும்

தரம் 6இல் படிக்கும் பிள்ளை ‘திண்மங்கள்’ பாடத்தை விரித்து வைத்துக்கொண்டு, “அம்மா, சதுரமுகிக்கு எத்தனை விளிம்பு?” என்று கேட்டால், “ரீச்சரிட்டைக் கேள்” என்று சொல்லிவிடும் தாய்மார் எம்மிடையே பலர். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் படிப்பு இடையில் நின்றுபோனவர்களுக்கு அந்தப் பெயர்களே அச்சமூட்டும். ஆனால் இந்தப் பாடத்துக்கு வேண்டிய பொருட்கள் யாவும் உங்கள் குசினியில் இருக்கின்றன.

தீப்பெட்டியைக் கையில் எடுங்கள். தட்டையான பக்கம் முகம். இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு விளிம்பு. விளிம்புகள் கூடும் முனை உச்சி. எண்ணினால் 6 முகங்கள், 12 விளிம்புகள், 8 உச்சிகள். இது கனவுரு. முகங்கள் எல்லாம் ஒரே அளவான சதுரமாக இருந்தால் அதுவே சதுரமுகி. மீன் ரின் உருளை. அதற்கு மேலும் கீழும் வட்டம், சுற்றிவர வளைந்த பரப்பு, உச்சி இல்லை. பந்து கோளம். ஓலைப்பெட்டிக்கு அடி சதுரம், வாய் வட்டம். அதன் முகங்களை எண்ணச் சொல்லிப் பாருங்கள், வீட்டில் நல்ல விவாதம் நடக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். ‘திண்மப் பொருட்கள் சேகரித்து வருக’ என்று பாடசாலையில் சொன்னால், பிள்ளை அவற்றை வீட்டுக்குள்தான் தேட வேண்டும். பற்றைக்குள்ளோ கைவிடப்பட்ட காணியிலோ கிடக்கும் உருளையும் உருண்டையும் வெடிபொருளாக இருக்கலாம். போர் 2009இல் முடிந்தபோதும் வன்னியில் கண்ணிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்காக நீண்டது. அப்படி எதையாவது கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். பெரியவர்கள் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவிக்க வேண்டும்.

இனி ஈர்க்கும் களிமண்ணும். ஒரே நீளமான 12 ஈர்க்குகளை 8 களிமண் உருண்டைகளில் குத்தினால் சதுரமுகி. 6 ஈர்க்கும் 4 உருண்டையும் போதும், நான்முகி வந்துவிடும். இரண்டையும் மெல்ல அழுத்துங்கள். சதுரமுகி சரியும், நான்முகி அசையாது. முக்கோணத்தின் பலம் அது. கூரைச் சட்டத்தில் தச்சர் ஏன் குறுக்குமரம் வைக்கிறார் என்பதும் இதிலேயே விளங்கும். முகங்களையும் உச்சிகளையும் கூட்டினால், விளிம்புகளைவிட 2 கூடுதலாக வரும். சதுரமுகியில் 14, 12. நான்முகியில் 8, 6. இது ஒயிலர் என்ற கணித அறிஞரின் பெயரால் வழங்கும் தொடர்பு.

இதெல்லாம் பிள்ளையின் படிப்புக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2012இல் வடக்கில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீட்டுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. பொருள் வாங்குவதும் ஆள் பிடிப்பதும் பயனாளியின் பொறுப்பு. கணவரை இழந்த பெண்களும் மணல்காரருடன் தாமே விலை பேசினார்கள். இப்போதும் மதிலோ மலசலகூடமோ கட்டுவதானால் அதே பேச்சுத்தான்.

மணலும் சல்லியும் ‘கியூப்’ கணக்கில் விற்கப்படுகின்றன. ஒரு கியூப் என்பது 100 கன அடி. உழவு இயந்திரப் பெட்டியும் ஒரு கனவுருதானே! உள்நீளம், உள்அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். 8 அடி நீளம், 5 அடி அகலமான பெட்டியில் மணல் இரண்டரை அடி உயரம் நின்றால் சரியாக 100. இரண்டு அடிதான் நிற்கிறது என்றால் 80. ஒரு கியூப்புக்குக் காசு கொடுத்து, 20 கன அடியை இழக்கிறீர்கள். நடுவில் குவித்து ஓரத்தில் பள்ளம் விட்டிருந்தால் மட்டப்படுத்தச் சொல்லிவிட்டு அளவுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை, காசு உங்களுடையது.

அளப்பது பறிப்பதற்கு முன் நடக்க வேண்டும். நிலத்தில் கொட்டிய மணல் கூம்பாகிவிடும். கூம்பு பார்வைக்குப் பெரிது. ஆனால் அதே அடியும் உயரமும் கொண்ட உருளையில் மூன்றில் ஒரு பங்குதான் அதன் கனவளவு. நாடாவைப் பிள்ளையிடம் கொடுத்து ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள்.